ஜெல்கோட் அடித்து இரண்டு நாளாகியும் விரலில் ஒட்டுகிறது – உதவி தேவை

நாகை_வள்ளம்:
வணக்கம். எங்கள் ஃபைபர் படகு 28 அடி. தினமும் கரையில் ஏற்றி இறக்கி, ஏராவை (படகின் அடிமுதுகுக் கட்டை) ஒட்டி, வெளிப்பூச்சான ஜெல்கோட் தேய்ந்து உள்ளே கண்ணாடி நார் மேட் தெரிய ஆரம்பித்துவிட்டது. தேய்த்துச் சுத்தம் செய்து, தேவையான இடத்தில் மேட் வைத்து, அதை இறுக்கிப் பிடிக்கும் ரெசின் என்ற பிசின் போட்டு, அதன்மேல் வெள்ளை ஜெல்கோட்டை பிரஷ்ஷால் அடித்தோம். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கலந்தே வந்த ஜெல்கோட்தான். இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 100 கிராமுக்கு 2 மி.லி., சிரிஞ்சில் அளந்து விட்டது. கப்பில் மிச்சமிருந்தது சூடாகிக் கல்லாக இறுகிவிட்டது. படகில் அடித்தது மட்டும் இன்னும் பிசுபிசு என்று இருக்கிறது. வெயிலில் போட்டும் மாற்றமில்லை. கேட்டலிஸ்ட்டைத் துணியில் நனைத்து மேலே தடவினால் இறுகிவிடும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

மோல்டு_மேஸ்திரி:
தடவாதீர்கள் தம்பி. கேட்டலிஸ்ட் என்று நாம் சொல்வது பெராக்சைடு. ரெசினுக்குள் கலந்தால்தான் அதற்கு வேலை, மேலே பூசினால் ஒரு பயனும் கிடையாது. ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

உங்கள் ஜெல்கோட் கெட்டுப்போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஜெல்கோட்டின் குணமே அது. யார்டில் படகு கட்டும்போது மோல்டு என்ற அச்சுக்கு வாக்ஸ் (மெழுகு) தேய்த்து, அதன்மேல் முதலில் அடிப்பது ஜெல்கோட். பிறகுதான் மேட்டும் ரெசினும். அதாவது நாம் வெளியில் பார்க்கும் பளபளப்பான முகம், இறுகும்போது மோல்டோடு ஒட்டியிருந்த முகம். அங்கே காற்று படவே இல்லை. காற்றுப் பட்ட பின்பக்கம் யார்டிலும் பிசுபிசுப்பாகத்தான் இருக்கும். அடுத்து வரும் ரெசின் நன்றாகப் பிடிக்க அதுதான் வசதி. நீங்கள் அந்தப் பின்பக்கத்தை வெளியே காட்டி அடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கடலோடி77:
இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு எனாமல் அடித்து இறக்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பாலிமர்_பித்தன்:
இறுகாத பரப்பின்மேல் எனாமல் அடித்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடிக்காது. மணலில் நாலு முறை இழுத்ததும் தோல் தோலாக உரிந்து வரும்.

கப்பில் இறுகியது படகில் ஏன் இறுகவில்லை என்பதற்கு வருகிறேன். பெயிண்ட் காய தின்னர் ஆவியாகிப் போக வேண்டும். ஜெல்கோட் அப்படியில்லை. அது பாலியெஸ்டர் ரெசினும் ஸ்டைரீன் என்ற வாடையடிக்கும் திரவமும் சேர்ந்த கலவை, கூடவே நிறமியும், சுவரில் வழியாமல் நிற்க நுண்ணிய சிலிக்காத் தூளும் உண்டு. கோபால்ட், கேட்டலிஸ்டான பெராக்சைடை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் ஸ்டைரீனைத் தூண்டிவிட, அது ரெசின் சங்கிலிகளை வலைக்கு முடிச்சுப் போடுவது போலக் குறுக்கும் நெடுக்கும் கட்டிவிடுகிறது. இந்த வினையில் வெப்பம் வரும், வெப்பம் வந்தால் வினை இன்னும் வேகமாகும். கப்பில் மொத்தமாகக் கிடந்ததால் சூடு தங்கியது. படகில் மெல்லிய பூச்சாகப் பரவியதும் சூடு போய்விட்டது. அதோடு, பரப்பில் இருக்கும் ஆக்சிஜன் அந்தத் தூண்டும் துண்டுகளைப் பிடித்துக்கொள்வதால் மேல் படலம் பாதியில் நின்றுவிடும். இன்னும் பத்து நாள் வெயிலில் போட்டாலும் அந்தப் படலம் முழுதாக இறுகும் என்று நம்ப வேண்டாம்.

ஒரு சோதனை செய்யுங்கள். அசிட்டோன் நனைத்த துணியால் ஓரிடத்தில் அழுத்தித் துடைத்துவிட்டு நகத்தால் கீறிப் பாருங்கள். அடியில் கெட்டியாக இருந்தால் மேல்தோல் பிரச்சினை மட்டும்தான். நகம் இறங்கினால் கதை வேறு.

நாகை_வள்ளம்:
பார்த்தேன். பெரும்பாலான இடத்தில் துடைத்ததும் அடியில் நல்ல கெட்டி, நகம் வழுக்குகிறது. ஆனால் பின்பக்கம், இன்ஜின் மாட்டும் பலகைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் அல்வா மாதிரி சுரண்டிக்கொண்டு வருகிறது. ஸ்டைரீன் வாடையும் அங்கேதான் தூக்கலாக அடிக்கிறது. எல்லாம் ஒரே கப்பில் கலந்ததுதானே?

மோல்டு_மேஸ்திரி:
அந்த இடத்தில் இதற்குமுன் என்ன வேலை நடந்தது? எபாக்சி என்ற வேறு வகை ரெசின் புட்டி ஏதாவது வைத்திருக்கிறார்களா?

நாகை_வள்ளம்:
ஆமாம் அண்ணே. போன வருஷம் ஓட்டை விழுந்தபோது வேறொருவர் இரண்டு உருண்டையைப் பிசைந்து அடைத்தார். பாறை மாதிரி இருந்ததால் அதை எடுக்காமல் மேலேயே அடித்துவிட்டோம்.

மோல்டு_மேஸ்திரி:
அதுதான் காரணம். எபாக்சியை இறுக வைக்கும் ஹார்ட்னரில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள் மிச்சமிருந்தால் மேலே வரும் பாலியெஸ்டரை இறுக விடாது. இறுகினாலும் பிடிப்பு பலமாக இருக்காது. பாலியெஸ்டர்மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும், எபாக்சிமேல் பாலியெஸ்டரை நம்பக் கூடாது.

அந்த உள்ளங்கை அளவு இடத்தில் ஜெல்கோட்டை முழுக்கச் சுரண்டி எடுங்கள். எபாக்சியையும் கிரைண்டர் போட்டு எடுத்துவிட்டு, மேட்டும் ரெசினும் வைத்து நிரப்புங்கள். எடுக்க முடியாது என்றால் அங்கே ஜெல்கோட் ஆசையை விட்டுவிட்டு இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட் அடிக்கலாம். மற்ற இடத்தில் அசிட்டோனால் துடைத்து, 220, 400, 600 என்று வரவர நைசான வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு, கடைசியில் மெருகேற்றும் காம்பவுண்ட் தேய்த்தால் போதும். துடைக்காமல் தேய்த்தால் பேப்பர் உடனே அடைத்துக்கொள்ளும்.

புதிதாக அடிக்கும்போது கனம் முக்கியம். அரை மி.மீ. வர வேண்டும். அதற்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 600 கிராம் ஆகும். பெயிண்ட் மாதிரி இழுத்து இழுத்து மெல்லிதாக அடித்தால் இறுகுவதற்குள் ஸ்டைரீன் பறந்துவிடும். ரொம்பக் கனமாகப் போட்டால் பின்னால் வெடிக்கும். கெட்டியாக இருக்கிறதே என்று அசிட்டோனோ தின்னரோ ஊற்றி இளக்காதீர்கள். கடைசிப் பூச்சில் மட்டும் வாக்ஸ் சொல்யூஷன் கலக்கலாம். இறுகும்போது மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைக்கும். முதல் பூச்சிலேயே கலந்தால் அடுத்தது பிடிக்காது. வாக்ஸ் கிடைக்கவில்லையா, யார்டில் படகு ஒட்டாமல் கழல மோல்டுக்கு அடிக்கும் பிவிஏ திரவம் இருக்கும். லேசாக இறுகத் தொடங்கியதும் மேலே தெளித்து, வேலை முடிந்தபின் தண்ணீரில் கழுவிவிடலாம். சின்ன இடத்துக்கு ஓஹெச்பி ஷீட்டை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டினாலே போதும்.

குருநகர்_பெடியன்:
அண்ணை, இடையில் ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்தில் எனக்குக் கிடைத்த ரெசினுக்கு கோபால்ட்டைத் தனிப் போத்தலில் தந்தார்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் முதலே கலந்து வைத்துக்கொள்ளலாமோ?

மோல்டு_மேஸ்திரி:
கூடவே கூடாது தம்பி! கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகச் சந்தித்தால் குபீரென்று வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டை விட்டு நன்றாகக் கலக்குங்கள், நிறமி இல்லாத ரெசின் என்றால் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும். அடிக்கப் போகும் நேரத்தில்தான் கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்சையோ குச்சியையோ பயன்படுத்த வேண்டாம், இரண்டு போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம்.

நாகை_வள்ளம்:
எபாக்சியை எடுத்து, மேட் வைத்து, ஜெல்கோட் அடித்து ஷீட் போட்டேன். மறுநாள் உரித்தால் கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது, நகம் இறங்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும், பழைய வெள்ளைக்குப் பக்கத்தில் புது வெள்ளை தனியாகப் பளிச்சென்று தெரிகிறது.

பாலிமர்_பித்தன்:
பழையது வெயிலில் மங்கிச் சுண்ணாம்புப் பொடி பூத்திருக்கும். அதையும் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துப் பாருங்கள், பாதி வித்தியாசம் போய்விடும்.

கடலோடி77:
ஏராவுக்கு அடியில் யார் வந்து குனிந்து பார்க்கப் போகிறார்கள்? இறக்குங்கள்.