புதுப்பிப்பு: தண்டையார்பேட்டை மாடியில் ஊதா அவரை காய்த்துவிட்டது

ஆடியில் ஊதா அவரை போட்டேன், ஐப்பசி வந்தும் கொடி மட்டும் ஓடுகிறது, பூவே காணோம் என்று கேட்டிருந்தேன் இல்லையா, இப்போது கொத்துக் கொத்தாய்க் காய்! நாட்டு அவரைக்குப் பகல் பொழுது குறைந்தால்தான் பூ வரும், பொறுங்கள் என்று சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி. கார்த்திகையில் பூத்தது, தை பிறந்தும் காய்ப்பு நிற்கவில்லை. பூங்கொத்தில் அசுவினிப் பூச்சி கறுப்பாய் அப்புகிறது, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி சாயங்காலம் அடித்தால் கட்டுப்படுகிறது.

அப்புறம் சமையல். பொரியலுக்கு வதக்கினால் ஊதா போய்ப் பச்சையாகிவிடும், ஏனென்றால் அந்த நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி, தண்ணீரில் கரையும், சூடும் தாங்காது. அதற்காக வேகவைக்காமல் தின்ன வேண்டாம், அவரையில் சயனைடு விடும் பொருள் உண்டு, நன்றாக வேக வேண்டும். தட்டிலும் ஊதா வேண்டுமென்றால் ராசவள்ளிக் கிழங்கு போடுங்கள், வெந்தாலும் நிறம் நிற்கும். எனக்கு நிறத்தைவிட ருசிதான் பெரிது: காசிமேட்டு நெத்திலிக் கருவாடும் பிஞ்சு அவரையும் போட்ட புளிக்குழம்புக்கு ஈடே கிடையாது. விளிம்பு நார் தடிக்குமுன் பறித்துவிடுங்கள்.

விதைக்குக் கொஞ்சம் முற்ற விட்டிருக்கிறேன், வடசென்னைக்காரர்கள் யாருக்கு வேண்டுமானாலும் கேளுங்கள்.