குறைந்த விலைப் பன்னிரண்டு கம்பி கிட்டார்: விரல் தாங்குமா?

புதுக்கம்பி:
ஆறு கம்பி அக்கூஸ்டிக் நாலு வருடமாக வாசிக்கிறேன். பன்னிரண்டு கம்பியின் அந்த ஜிலுஜிலு ஓசை மேல் ரொம்ப நாள் ஆசை. ஆனால் என் பணத்துக்கு ஆரம்பநிலை மாடல்கள்தான் கிடைக்கும். போன வாரம் அப்படி ஒன்றை வாசித்துப் பார்த்தேன். ஜி, சி, டி கோர்டுகள் எல்லாம் மணி அடித்த மாதிரி இருந்தன. எஃப் பிடித்தேன், பாதிக் கம்பி ஊமை, மீதி உறுமல். பத்து நிமிடத்தில் ஆள்காட்டி விரலில் தண்டவாளம் மாதிரி கோடு விழுந்துவிட்டது. விலை குறைந்த பன்னிரண்டு கம்பி என்றாலே இப்படித்தானா, இல்லை நான் பார்த்தது மட்டும் இப்படியா?

மரத்தூள்:
எஃப் மட்டும்தான் படுத்துகிறது என்றால் கிட்டாரைத் திட்டாதீர்கள் தம்பி, நட்டை, அதாவது கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் பட்டையைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டுவிட்டு அதே எஃப் வடிவத்தைப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று லேசாகிவிட்டால், குற்றவாளி நட்டில் உள்ள பள்ளங்கள்தான். தொழிற்சாலையில் அவற்றை வேண்டுமென்றே மேலோட்டமாக அறுத்து அனுப்புவார்கள். ஆழம் குறைந்தால் கைதான் வலிக்கும். ஆழம் கூடினால் கம்பி ஃப்ரெட்டில் இரையும், கிட்டார் திரும்பி வந்துவிடும்.

இன்னொரு சோதனை: ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மயிரிழை இருந்தால் போதும். விலை குறைந்த பன்னிரண்டு கம்பியில் அந்த இடைவெளியில் ஒரு விசிட்டிங் கார்டே நுழையும்.

என் பட்டறை அனுபவத்தில், நட்டும் சாடிலும் (உடல் பக்கம், பிரிட்ஜ் என்னும் மரக்கட்டையில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) சரி செய்த சாதாரண கிட்டார், பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்திருக்கும் விலையுயர்ந்த கிட்டாரைவிடக் கைக்கு இதமாக இருக்கும். யமஹா எஃப்ஜி820-12, ஃபெண்டர் சிடி-60எஸ்சிஇ-12 மாதிரி மாடல்களில் மேல்பலகையே முழு ஸ்ப்ரூஸ் மரம். அதில் ஒன்றை எடுத்து, கையோடு செட்டப்புக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். வேலை முடிந்தது.

பழையதந்தி:
வேலை முடியாது, அங்கேதான் ஆரம்பிக்கும். சாடிலைத் தேய்க்கலாம், சரி. தேய்ப்பதற்குச் சாடில் மிச்சம் இருக்க வேண்டுமே!

10-47 செட் (கம்பித் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 10 முதல் 47 பங்கு வரை) போட்டு வழக்கமான சுருதியில் ஏற்றினால், பன்னிரண்டு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 110 கிலோவைத் தாண்டும். ஆறு கம்பியில் 12-53 செட் இழுப்பது ஏறக்குறைய 75 கிலோதான். இந்த இழுப்பு ராத்திரி பகல் ஓயாது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை தொப்பை போடும், கழுத்து மெல்ல முன்னால் சாயும், கம்பி உயரும். ஒரு தடவை சாடிலைத் தேய்ப்பீர்கள், அடுத்த வருடம் இன்னொரு தடவை. அப்புறம் கழுத்தையே பிரித்துக் கோணம் திருத்தி ஒட்ட வேண்டும். விலை குறைந்த கிட்டாருக்கு அந்த வேலையின் கூலி கிட்டாரின் விலையையே தாண்டிவிடும்.

நான் பட்டுத்தான் சொல்கிறேன். பழைய பன்னிரண்டு கம்பி ஒன்றை வாங்கினேன், பெயர் வேண்டாம். வெண்ணெய் மாதிரி வாசித்தது. சாடில் ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே தெரியவில்லை என்பது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு நாள் கம்பி மாற்றும்போது பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தேன். பாதி வரை சிக்காமல் உள்ளே போனது.

பணம் குறைவு என்றால் தம்பிக்கு என் யோசனை வேறு. பன்னிரண்டு கம்பி செட் ஒன்றை வாங்கி, அதில் ஜோடிக்கு ஒன்றாக உள்ள மெல்லிய கம்பிகளை மட்டும் உங்களிடம் இருக்கும் ஆறு கம்பியில் போடுங்கள். ஈ, ஏ, டி, ஜி நான்கும் ஒரு எண்மம் (ஆக்டேவ்) மேலே, பி-யும் மேல் ஈ-யும் அப்படியே. நாஷ்வில் ட்யூனிங் என்பார்கள். ஜிலுஜிலுவில் பாதிக்கு மேல் அந்த மெல்லிய கம்பிகளிலிருந்துதான் வருகிறது. செலவு ஒரு செட் கம்பி.

மரத்தூள்:
நாஷ்வில் நல்ல வித்தைதான், இன்னொருவர் பக்கத்தில் சாதாரண கிட்டார் வாசித்தால். தனியாக வாசித்துப் பாருங்கள், அடிநாதமே இருக்காது. அவர் கேட்டது பன்னிரண்டு கம்பி.

இழுப்புக்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. எல்லாக் கம்பியையும் ஒரு முழு சுருதி, அதாவது இரண்டு ஃப்ரெட் அளவு இறக்குங்கள். இழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பாட்டுக்கு வழக்கமான சுருதி வேண்டுமா, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ. நட்டின் தொல்லையும் அதோடு போச்சு. இது சமாளிப்பு இல்லை, பழைய பழக்கம். அமெரிக்க நாட்டுப்புற, ப்ளூஸ் பாடகர் லெட்பெல்லி தன் ஸ்டெல்லா பன்னிரண்டு கம்பியை இதைவிடவும் கீழே இறக்கித்தான் வாசித்தார்.

பழையதந்தி:
கூரை ஒழுகினால் குடை பிடித்துக்கொண்டு தூங்கு என்கிறீர்கள் அண்ணே. அது சரி, கேப்போ போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே ரப்பருக்கு அடியில் தடிக்கம்பியும் நூல் மாதிரி கம்பியும் பக்கத்தில் பக்கத்தில். தடியானது அழுந்தும், மெல்லியது பாதி அழுந்தி முனகும். அழுத்தத்தைக் கூட்டினால் சுருதி மேலே ஓடும். மேல் ஃப்ரெட்டுகளில் ஜோடிக்குள்ளேயே சண்டை வேறு. தடிக்கம்பிக்குச் சாடில் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும், மெல்லியதற்கு அவ்வளவு வேண்டாம். விலை குறைந்த கிட்டாரில் இரண்டுக்கும் ஒரே நேர்கோட்டுச் சாடில்தான்.

மரத்தூள்:
கேப்போவைப் போட்ட பிறகு ஒருமுறை ட்யூன் பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்? சாடிலில் கம்பிக்குக் கம்பி மேல்முனையை மாற்றித் தேய்த்தால் ஜோடிச் சண்டையும் அடங்கும். ஒரு மணி நேர வேலை.

அரைச்சுருதி:
இரண்டு பேரும் வெவ்வேறு கிட்டாரைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். மரத்தூள் சொல்வது புதிதாக வாங்கியதற்குச் சரி, பழையதந்தி சொல்வது பயன்படுத்தியதற்குச் சரி. ஆனால் எந்தச் செட்டப்பும் மாற்ற முடியாத ஒன்றை இன்னும் யாரும் சொல்லவில்லை: கழுத்தின் அகலம். ஆறு கம்பியில் நட் அகலம் 43, 44 மி.மீ. பன்னிரண்டில் பெரும்பாலும் 46 முதல் 48. எனக்குச் சின்னக் கை. 48-ல் பெருவிரல் பின்னால் போய் நிற்க இடம் தேடுகிறது, 46-ல் நிம்மதி. தடித்த விரல்காரர்களுக்கு நேர்மாறு, பக்கத்து ஜோடியையும் சேர்த்து அழுத்திவிடுவார்கள். அதனால் வாசித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். மாடல் பெயரை வைத்துக் கழுத்து கைக்குப் பொருந்துமா என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, எக்ஸ்ட்ரா லைட் செட் கேளுங்கள். மேல் ஜோடி 9-ல் ஆரம்பிக்கும். ஓசை கொஞ்சம் மெலியும், விரல் பிழைக்கும்.

புதுக்கம்பி:
நேற்றுத் திரும்பப் போனேன், கேப்போவும் எஃகு ஸ்கேலும் எடுத்துக்கொண்டு. அங்கே இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை.

கேப்போ முதல் ஃப்ரெட்டில்: எஃப் வடிவம் பன்னிரண்டும் பேசியது! பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடிக்கம்பியின் உயரம் 2.9 மி.மீ. ஸ்கேலை ஃப்ரெட்டுகள் மேல் படுக்க வைத்து நீட்டினால் பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பை உரசி நிற்கிறது. சாடில் 3 மி.மீ. வெளியே தெரிகிறது. தொப்பை தெரியவில்லை, காகிதம் எங்கும் நுழையவில்லை. புதிய கிட்டார்தான். 2.2 வரை இறக்கினால் போதும் என்று நினைக்கிறேன். சரிதானா அண்ணா?

பழையதந்தி:
கணக்குப் போடுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 0.7 இறங்க, சாடிலில் அதைப் போல இரண்டு பங்கு, 1.4 மி.மீ. போக வேண்டும். மிச்சம் 1.6. முதல் நாளே சேமிப்பில் பாதியைச் செலவழித்துவிடுகிறீர்கள்.

மரத்தூள்:
இந்த இடத்தில் பழையதந்தியோடு நிற்கிறேன். சாடிலைத் தொடாதீர்கள் தம்பி. நட் பள்ளங்களை மட்டும் இறக்கச் சொல்லுங்கள், கம்பி எக்ஸ்ட்ரா லைட், சுருதி ஒரு முழு அளவு கீழே. இழுப்பு குறைந்ததும் கழுத்து கொஞ்சம் நிமிரும், அந்த 2.9-ம் தானே இறங்கும். ஆறு மாதம் அப்படியே வாசித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் உயரமாக இருந்தால் தேய்க்கலாம்.

பழையதந்தி:
நட் மட்டும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அளவுகளை ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள், ஆறு மாதத்தில் மறந்துவிடும். நாஷ்வில் யோசனையை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

அரைச்சுருதி:
வாங்குவதாக இருந்தால் கூடவே ஒற்றைக் கம்பிகள் இரண்டும் வாங்கிவிடுங்கள், 8 அல்லது 9 தடிமனில். மூன்றாவது ஜோடியின் மெல்லிய ஜி-க்கு. முதல் ஈ-யைவிட மேல் சுருதியில் நிற்கும் கம்பி அது, முதலில் அறுவது அதுதான். அதை ட்யூன் செய்யும்போது மட்டும் முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.