குசினிப் பைப்பில மட்டும் தண்ணி மெல்லிசா வருது

பரந்தன்:
டாங்க் நிலத்திலயிருந்து 12 அடி உயரம், குழாய்க்கிணத்துத் தண்ணி. குளியலறையில நல்ல வேகம். குசினிப் பைப் மட்டும் கோடு மாதிரித்தான் ஓடுது. எங்கயிருந்து பாக்கத் தொடங்கிறது?

ஓமந்தை:
குளியலறையில குறையில்லையெண்டால் டாங்கையும் மெயின் லைனையும் விட்டிடுங்கோ. பைப்பின்ர வாயில சல்லடை வைச்ச சின்ன மூடி இருக்கும். துணி சுத்தி இடுக்கியால கழட்டிப்போட்டுத் திறந்து பாருங்கோ. பாய்ஞ்சு வந்தால் அடைப்பு அதிலதான். எங்கட பக்கத் தண்ணியில சுண்ணாம்பு கூட, வெள்ளைப் பொருக்காக் கண்களை அடைச்சிருக்கும். வினாகிரியில அரை மணித்தியாலம் ஊறவிட்டுப் பழைய பிரஷ்ஷால தேய்ச்சால் போகும். ஊசியால குத்தாதேங்கோ, சல்லடை கிழிஞ்சால் தண்ணி பக்கவாட்டில சீறும். ரப்பர் வொஷரைத் தொலைச்சிடாதேங்கோ.

நெடுங்கேணி:
கக்கூசு கழுவுற அசிட்டில போடவே வேண்டாம், முலாம் உரிஞ்சிடும்.
சல்லடையைக் கழட்டியும் கூடாட்டில் சிங்குக்குக் கீழ வால்வைப் பூட்டி, வளையுற ஹோஸைப் பைப் பக்கம் கழட்டி, வாளிக்குள்ள பிடிச்சுத் திறவுங்கோ. அதில வேகம் இருந்தால் பிழை பைப்புக்குள்ள. இல்லாட்டில் ஹோஸிலயோ வால்விலயோ லைனிலயோ. கேட் வால்வெண்டால் உள்ளுக்குத் தகடு தண்டிலயிருந்து கழண்டு கீழ விழுந்து கிடக்கும். மேல சக்கரம் சும்மா சுத்தும், தண்ணி வரத்துக் கூடாது. அதோட மினக்கெடாமல் அரை இஞ்சி 'போல் வால்வு' (உள்ளுக்கு ஓட்டை போட்ட உருண்டை திரும்பித் திறக்கிறது) மாத்துங்கோ.

பரந்தன்:
நன்றி. சல்லடை இல்லாமல் கொஞ்சம் கூடுது. ஹோஸில நல்லா வருது. ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் (சுடுதண்ணி, பச்சைத்தண்ணி கலக்கிற பைப்) மாத்தின பிறகுதான் இந்தப் பிரச்சினை.

ஓமந்தை:
அதை முதல்லயே சொல்லியிருக்க வேணும்! கணக்கைப் பாருங்கோ. பைப் வாய் மூன்றரை அடியெண்டால் மிச்ச உயரம் எட்டரை அடி. 10 மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் (தண்ணி அமுக்கத்தின்ர அளவு), அப்ப உங்களுக்குக் கிடைக்கிறது கால் பார்தான். அந்த மாதிரி மிக்ஸர் கனக்க ஒரு பாருக்குச் செய்தது. உள்ளுக்கு வழி ஒடுக்கம். பொருத்தேக்க திரெட் டேப் பிசிறு, பி.வி.சி. சீவல் காட்ரிட்ஜுக்குள்ள (கைப்பிடிக்குக் கீழ தண்ணியைத் திறந்து பூட்டுற உறுப்பு) போயிருக்கவும் கூடும், கழட்டி ஒருக்காக் கழுவிப் பாருங்கோ.

நெடுங்கேணி:
கழுவியும் சரிவராட்டில் அகல வழியுள்ள சாதாரண அரை இஞ்சிப் பித்தளைப் பைப்பே போதும். பம்ப் வாங்கிறதுக்கு முதல் இதைச் செய்யுங்கோ. ஒன்றரை லீற்றர்ப் போத்தல் 15 செக்கனில நிறைஞ்சால் நிமிசத்துக்கு 6 லீற்றர், சட்டிபானை கழுவத் தாராளம்.