மறு: 'பிளெயின் டெக்ஸ்ட்'டுக்குத் தமிழில் என்ன?

வணக்கம். ஒரு வெப்மெயிலின் மெனுவைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். மடல் எழுதும் பெட்டியில் மூன்று புள்ளியைத் தொட்டால் 'பிளெயின் டெக்ஸ்ட்' என்று வரும். அதைத் தேர்ந்தெடுத்தால் தடித்த எழுத்து, நிறம் எல்லாம் உதிர்ந்துவிடும். 'எளிய உரை' என்று போட்டிருக்கிறேன். சரியா?

> எளிய உரை

தம்பி, எளிய உரை புத்தகக் கடையில் திருக்குறள் அடுக்கில் கிடைக்கும். மூலத்துக்கு எழுதுவது உரை. டெக்ஸ்ட் என்பதோ மூலமே. 'வெறும் பனுவல்' என்று வையுங்கள். பஞ்சு நூலாவதுபோலச் சொல் பனுவலாகிறது என்று நன்னூல் சொல்கிறது. லத்தீனிலும் டெக்ஸ்ட் நெசவிலிருந்து வந்ததுதான்.

> வெறும் பனுவல்

ஐயா, பனுவலை அழுத்தச் சொன்னால் என் மாணவர்கள் பேந்தப் பேந்த விழிப்பார்கள். தொல்காப்பியர் 'பாட்டு உரை நூலே' என்று உரையைத் தனி வகையாகவே வைக்கிறார். வெறுமை + உரை = வெற்றுரை. வெற்றிலை மாதிரி: பூவில்லை, காயில்லை, இலை மட்டும்.

> வெற்றுரை

அம்மா, 'வெற்றெனத் தொடுத்தல்' நூற்குற்றம் பத்தில் ஒன்று! வெற்றுரை என்றால் மேடைப்பேச்சுதான் நினைவுக்கு வரும். (மற்றொன்று விரித்தலும் அதே பட்டியலில் உண்டு. இருந்தாலும் சொல்கிறேன்.) திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறை இருந்த காலத்தில், வெறுமனே அனுப்பிய தமிழ் மடல் எதிர்முனையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ரோமன் குப்பையாக வந்து விழும். எழுத்துருவின் பெயரைச் சேர்த்து வடிவூட்டி அனுப்பினால், அந்த எழுத்துரு அங்கேயும் இருந்தால், தமிழ் தெரியும். யூனிகோடு வந்துதான் அந்த ஒப்பனையிலிருந்து நம்மை விடுவித்தது.

இன்னொன்று. மின்மடலின் அமைப்பைச் சொல்லும், 1992இல் வந்த மைம் விதிப்படி, வடிவூட்டிய மடலுக்குள்ளேயே வெறும் நகல் ஒன்றையும் வைத்து அனுப்பலாம். ஆக இரண்டுக்கும் பெயர் வேண்டும். 'வடிவூட்டிய உரை', 'வடிவூட்டாத உரை' என்று இணையாக வைத்தால் என்ன?

> வடிவூட்டாத உரை

மெனுவில் இடம் போதவில்லை அண்ணா. 'வடிவூட்டாத உ' என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. இங்கே நாலு பேர் 'வெறும் எழுத்து' போதும் என்கிறார்கள். வீட்டில் அம்மாவிடம் காட்டினேன், உடனே புரிந்தது. அதையே அனுப்பிவிடுகிறேன். அனைவருக்கும் நன்றி.

> வெறும் எழுத்து

எழுத்தெனப்படுப அகரமுதல் னகர இறுவாய் முப்பஃது. அதில் எது வெறும் எழுத்து, தம்பி? தடித்த எழுத்தும் எழுத்துதானே? நான் பனுவல் என்றே எழுதுவேன்.