முதற்குரல், வழிக்குரல், பகிர்குரல்: 'லீட் வோக்கல்' கலைச்சொல் இழை

கரும்பலகை (திங்கள் காலை)

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒலிப்பதிவுச் சான்றிதழ் வகுப்புக்கான தமிழ்ப் பாடக்குறிப்பில் ஐந்தாம் இயல், ஒன்றுக்கு மேற்பட்ட லீட் சிங்கர் உள்ள மேற்கத்திய இசைக்குழுக்களைப் பற்றியது. வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. மூன்று சொற்கள் வேண்டும்: லீட் வோக்கல் (பாட்டின் முதன்மைக் குரல்), பேக்கிங் வோக்கல் (அதோடு சேர்ந்து பாடும் குரல்), லீடை இரண்டு மூன்று பேர் பங்கிட்டுப் பாடும் முறை.

வரைவில் இப்போது இருப்பவை முன்னணிப் பாடகர், பின்னணிப் பாடகர், கூட்டு முன்னணிப் பாடகர்கள். மூன்றுமே இடறுகின்றன. 'பின்னணிப் பாடகர்' என்றதும் மாணவர் நினைப்பது சினிமாவில் நடிகருக்காகப் பாடுபவரை. 'முன்னணிப் பாடகி' என்பது பத்திரிகை வழக்கில் புகழ்பெற்றவர். பயிற்சித்தாளில் 'பின்னணிப் பாடகரை 5 டெசிபல் குறைக்கவும்' என்று ஒரு வரி வருகிறது. இதைப் படிக்கும் பிள்ளை எந்த ஃபேடரை, அதாவது மிக்சரில் ஒலியளவை ஏற்றி இறக்கும் எந்தப் பிடியை, இறக்கும்?

வேர்தேடி (திங்கள் மதியம்)

அன்புள்ள கரும்பலகை,

'அணி' படைவரிசையைக் குறிக்கும் சொல். படையின் முன்பகுதிக்குத் தூசி என்றும் பின்பகுதிக்குக் கூழை என்றும் தமிழில் பெயர் உண்டு. பாட்டுக்குப் படைச்சொல் எதற்கு? வாய்ப்பாட்டுக்கு நம் பழைய உரைகள் தரும் சொல் மிடறு. குழல், யாழ், மிடறு என்று சேர்த்தே சொல்வார்கள். ஆகவே லீட் வோக்கல் தலைமிடறு, பேக்கிங் வோக்கல் வழிமிடறு.

'வழி' என்பதைக் காரணத்தோடுதான் சேர்த்தேன். சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில் குழலின் வழி யாழ் நிற்கிறது, யாழின் வழி தண்ணுமை நிற்கிறது, தண்ணுமையின் பின்வழி முழவு நிற்கிறது. ஒன்றைப் பின்பற்றி இசைப்பதை 'வழி நிற்றல்' என்று இளங்கோ சொல்லிவிட்டார். இதைவிடத் துல்லியமான சொல் கிடைக்காது.

ஃபேடர் (திங்கள் இரவு)

ஐயா, வழி நிற்றல் அருமை. மிடறு வேண்டாம். இன்றைக்கு மிடறு என்றால் ஒரு மிடறு தண்ணீர்தான்.

இந்தச் சொல் எங்கே எழுதப்படும் என்பதையும் பாருங்கள். மிக்சரில் ஃபேடர்களுக்குக் கீழே நீளமாக ஒரு வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் சேனல் பெயரை, அதாவது அதில் வருவது எந்தக் குரல், எந்தக் கருவி என்று, எழுதுவோம். ஒரு சேனலுக்குக் கிடைப்பது ஒன்றரை விரல் அகலம். நாலு எழுத்துக்கு மேல் போனால் பக்கத்துச் சேனலில் ஏறிவிடும், இருட்டில் வாசிக்க முடியாது. ஒன்றிரண்டு எழுத்தாகச் சுருக்கினாலும் குழப்பம் வராத சொல்லாக வேண்டும்.

'லீட்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன், மேடையில் லீட் என்றால் லீட் கிட்டார். 'லீட் 1, லீட் 2' என்று எழுதினால் ஒன்று பாடகர், ஒன்று கிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். 'பின்னணி' என்று எழுதினால் முன்பே பதிவு செய்த டிராக் என்று நினைத்து, நேரடியாகப் பாடுபவரை மியூட் செய்துவிடுவார்கள்.

இசைத்தட்டு (செவ்வாய் காலை)

சொல்லுக்குப் போகும் முன் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று பார்ப்போம். 'தலைமை', 'முன்னணி' இரண்டும் ஆளுக்குப் பதவி கொடுக்கின்றன. இந்தக் குழுக்களில் லீட் என்பது பதவி இல்லை, பாட்டுக்குள் ஓர் இடம். ஆள் மாறுவார், இடம் இருக்கும்.

ஃப்ளீட்வுட் மேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவின் பெயர் டிரம்ஸ் வாசிக்கும் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் வாசிக்கும் ஜான் மெக்வீ இருவரிடமிருந்து வந்தது. லீட் பாடுவது அவர்கள் அல்ல. 1977-இல் வந்த 'ரூமர்ஸ்' இசைத்தட்டில் 'ட்ரீம்ஸ்' ஸ்டீவி நிக்ஸ் பாடியது, 'கோ யுவர் ஓன் வே' லின்ட்சி பக்கிங்ஹாம், 'சாங்பேர்ட்' கிறிஸ்டீன் மெக்வீ. 'டோன்ட் ஸ்டாப்' பாட்டைப் பக்கிங்ஹாமும் கிறிஸ்டீனும் மாறி மாறிப் பாடுகிறார்கள். இதில் தலைமைப் பாடகர் யார்? கேள்வியே பொருந்தவில்லை.

பீட்டில்ஸின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' (1964) ஒரே பாட்டுக்குள் இடம் மாறுவதற்கு எடுத்துக்காட்டு. சரணம் ஜான் லெனன். நடுப்பகுதி மேல் ஸ்தாயிக்கு ஏறுவதால் அதைப் பால் மெக்கார்ட்னி எடுத்துக்கொள்கிறார். பங்கீட்டுக்குக் காரணம் தொண்டையின் எல்லை. பிங்க் ஃப்ளாய்டின் 'கம்ஃபர்ட்டப்ளி நம்ப்' (1979) வேறு காரணம். மருத்துவராகப் பேசும் சரணங்கள் ராஜர் வாட்டர்ஸ், மரத்துப்போனவன் பதில் சொல்லும் பல்லவி டேவிட் கில்மர். அங்கே பங்கீடு பாத்திரத்தால் வருகிறது. தி பேண்ட் குழுவின் 'தி வெயிட்' (1968) பாட்டில் முதல் மூன்று சரணங்களை லீவான் ஹெல்ம் பாட, நான்காவதில் ரிக் டாங்கோ வந்து கதையைத் தொடர்கிறார். பல்லவியின் முடிவில் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. அந்த நொடியில் யார் லீட், யார் பேக்கிங் என்று காதால் பிரிக்க முடியாது.

ஆகவே கலைச்சொல் 'பாடகர்' என்று முடியக் கூடாது, 'குரல்' என்று முடிய வேண்டும். பங்கிட்டுப் பாடும் முறைக்கு என் முன்மொழிவு பகிர்குரல்.

வடமராட்சி (செவ்வாய் மதியம்)

இசைத்தட்டு அக்கா சொன்னது சரி. பகிர்குரல் நல்ல வினைத்தொகை: பகிர்ந்த குரல், பகிர்கின்ற குரல், பகிரும் குரல். மூன்று காலத்துக்கும் நிற்கும். ஒன்று கவனம், வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'பகிர்க்குரல்' என்று அச்சில் வந்தால் பிழை.

லீட் வோக்கலுக்கு முதற்குரல். வேர்தேடி ஐயாவின் 'வழி'யையும் எடுத்துக்கொண்டால் முதற்குரல், வழிக்குரல் என்று சோடி அமைகிறது. முதல்நூல், வழிநூல் என்று நூலுக்கு வகுத்தவர்கள் நாங்கள்தானே. கூட்டத்தில் முன்மொழிந்ததை இன்னொருவர் வழிமொழிவதும் இதே வழிதான். பிள்ளைகளுக்குப் புதுச் சொல்லாகவே தெரியாது.

இன்னொன்று. பாடக்குறிப்பில் மைக் என்று இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் ஒலிவாங்கி என்றே பாவிக்கிறோம். கடினம் என்று ஒருவரும் முறையிட்டதில்லை.

வேர்தேடி (செவ்வாய் மாலை)

முதற்குரலில் எனக்கு இரண்டு தடைகள்.

ஒன்று: குரல் என்பது தமிழிசையில் ஏழு சுரங்களில் முதலாவதன் பெயர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இசை படிக்கும் மாணவரிடம் 'முதற்குரல்' என்றால் சுரம் என்று கொள்ள இடம் உண்டு. மிடறு என்று நான் தொடங்கியது இதனால்தான்.

இரண்டு: முதல் என்றால் ஒன்று. 'இரண்டு முதற்குரல்கள்' எப்படி?

வடமராட்சி (செவ்வாய் இரவு)

ஐயா, இரண்டாம் தடைக்குத் தொல்காப்பியரே பதில் தருகிறார். அகப்பாட்டுக்கு முதற்பொருள் எத்தனை? நிலமும் பொழுதும் என இரண்டு. ஒன்று முந்தியது, மற்றது பிந்தியது என்று அவர் சொல்லவில்லை, இரண்டும் முதல். முதலெழுத்து எத்தனை? உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டுமாக முப்பது. முப்பது எழுத்து முதலாக இருக்கலாம் என்றால் ஒரு குழுவில் மூன்று குரல் முதலாக இருக்கக் கூடாதா? முதல் என்பது இங்கே எண்ணிக்கை அல்ல, மற்றவை சார்ந்து நிற்கும் அடிப்படை.

முதல் தடைக்கு என்னிடம் பதில் இல்லை. பண்ணிசை வகுப்பில் அந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். ஒலிப்பதிவு வகுப்பில் வராது.

ஃபேடர் (புதன் காலை)

மு1, மு2, வ1, வ2. டேப்பில் அழகாக உட்காருகிறது. பகிர்குரலுக்கு டேப்பில் வேலையே இல்லை. அது சேனலின் பெயர் அல்ல, பாட்டின் அமைப்பு. இயலின் தலைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 'வழி' எனக்கு உறுத்துகிறது. ஹார்மனி பாடுபவர் பின்னால் வருவதில்லை, அதே நொடியில் வேறு சுரத்தில் நிற்கிறார். வில்லுப்பாட்டிலும் தெருக்கூத்திலும் ஒருவர் பாடி முடித்த வரியை மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அந்தப் பின்பாட்டுக்கு வழிக்குரல் பொருந்தும். ஹார்மனிக்குத் துணைக்குரல்தான் சரி.

சொல்லை மிக்சிங் வேலையில் வைத்துப் பார்த்துவிடலாம். கரும்பலகை, இதைப் பயிற்சித்தாளிலேயே சேர்க்கலாம்:

"முதற்குரல் இரண்டையும் தனித்தனிச் சேனலில் எடு. இரண்டிலும் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரஸரை 3:1 விகிதத்தில் வைத்து, உரத்துப் பாடும் இடத்தில் 3 முதல் 6 டெசிபல் வரை அமுங்கும்படி திரெஷோல்டை (அது அமுக்கத் தொடங்கும் அளவை) இறக்கு. இரண்டையும் ஒரே குரூப்புக்கு (சேர்த்து ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு) அனுப்பு. துணைக்குரல்கள் அதைவிட 4 முதல் 6 டெசிபல் கீழே தொடங்கட்டும். பாடும் இடம் கைமாறும்போது மு1-ஐ முழுதாக மூடாதே, 6 டெசிபல் இறக்கினால் போதும். மூடிவிட்டால் அடுத்த வரியின் முதல் எழுத்து வெட்டுப்படும்."

இப்போது 'மு1-இன் இடத்தை மு2 எடுக்கிறது' என்று சொன்னால் மாணவருக்கு உடனே புரிகிறது. 'தலைமைப் பாடகரின் இடத்தை' என்றால் அந்த ஆள் மேடையை விட்டே போகிறார் போலத் தொனிக்கும்.

டிரம்ஸ் வாசித்துக்கொண்டே லீட் பாடுபவர்களுக்குத் தனிப் பத்தி வேண்டும். தி பேண்டின் ஹெல்ம், ஈகிள்ஸ் குழுவின் டான் ஹென்லி இருவரும் அப்படித்தான். அவர்கள் மைக்கில் குரலோடு சிம்பலும் (டிரம்ஸின் உலோகத் தட்டு) ஏறும். கம்ப்ரஸர் போட்டு மொத்த அளவையும் உயர்த்தினால், பாடாத இடைவெளியில் சிம்பல் பொங்கி மேலே வரும். மாணவர்கள் இங்கே கேட் (ஒலி தாழ்ந்தால் சேனலை மூடிவிடும் கருவி) போட்டுப் பார்ப்பார்கள், ஸ்நேர் டிரம் அடிக்கும் போதெல்லாம் அது திறந்து திறந்து மூடும். கேட் வேண்டாம். முழுதாக மூடாமல் ஒலியைத் தாழ்த்தும் எக்ஸ்பாண்டரில் ரேஞ்ச் (தாழ்த்தும் அளவு) 6 முதல் 10 டெசிபல் மட்டும் வைத்து, மீதியை ஃபேடரில் விரலால் பார்த்துக்கொள்ள வேண்டும். மைக் உதட்டை ஒட்டி இருக்கட்டும், அதன் முதுகுப்புறம் சிம்பலை நோக்கட்டும்.

இசைத்தட்டு (புதன் மதியம்)

ஃபேடர் தம்பி, மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் மேடையில் ஒரே மைக்கில் பாடுவார்களே, லெனன் தனி மைக்கில் நிற்பார். அங்கே முதற்குரலுக்கு மு, துணைக்குரலுக்கு து என்று எப்படி எழுதுவீர்கள்?

அபா குழுவின் 'டான்சிங் குவீன்' (1976) இன்னொரு சிக்கல். பாடகிகள் அக்னேதாவும் ஃப்ரீடாவும் பெரும்பாலும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். யாரும் யாருக்கும் துணை இல்லை, பகிர்வும் இல்லை. இதற்கு இணைகுரல் என்று தனிச்சொல் வேண்டும்.

நம் கச்சேரி மேடையில் இருவர் சேர்ந்து பாடினால் இரட்டையர், சகோதரர்கள் என்று உறவுப் பெயர் வைத்துவிடுகிறோம். ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர்களே அல்லர். பாடும் முறைக்குப் பெயர் வைக்காமல் ஆளுக்கு வைத்ததால் வந்த குறை இது.

ஃபேடர் (புதன் மாலை)

ஒரு மைக்கில் இருவர் என்றால் என் கையில் ஒரே ஃபேடர்தான். அங்கே பேலன்ஸ் பாடுபவர்களின் காலில் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 10 செ.மீ.யில் நிற்பவர் முதற்குரல், 20 செ.மீ.க்குப் பின்வாங்கியவர் துணைக்குரல். விலகும்போது குரலின் அடிக்கனமும் குறையும், அதனால் தானாகவே பின்னுக்குப் போய்விடும். டேப்பில் 'மு+து' என்று எழுதுவேன்.

இணைகுரல் பதிவில் தவறுவது மெய்யெழுத்தில்தான். இருவர் 'ச்', 'ட்' சொல்வதில் கண நேரம் முன்பின் ஆனாலும் ஒரே எழுத்து இரண்டு முறை தெறிக்கும். ஒருவர் டிராக்கில் அந்த எழுத்தை மட்டும் இறக்கிவிட வேண்டும். கடைசியாக மோனோவில் (இடம், வலம் இரண்டையும் ஒன்றாக்கி) கேட்டுப் பார்க்க வேண்டும்.

வடமராட்சி (புதன் இரவு)

அக்கா எழுதிய இணைகுரல் வினைத்தொகை, இணைந்து ஒலிக்கும் குரல். க் போட்டு இணைக்குரல் என்றால் இணையான இன்னொரு குரல் என்று பொருள் போய்விடும், அது துணைக்குரலுக்குக் கிட்ட வந்துவிடும். ஒரு மெய்யெழுத்தில் பொருள் மாறுகிறது. அச்சகத்துக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

கரும்பலகை (வியாழன் காலை)

எல்லோருக்கும் நன்றி. மாலைக்குள் அனுப்ப வேண்டியிருப்பதால் பெரும்பான்மைப்படி போகிறேன். லீட் வோக்கல் முதற்குரல். பேக்கிங் வோக்கல் துணைக்குரல். ஒருவர் முடித்ததை வாங்கிப் பாடினால் பின்பாட்டு. இயலின் தலைப்பு 'பகிர்குரல் குழுக்கள்'. ஒரே மெட்டை இருவர் ஒரே நேரத்தில் பாடினால் இணைகுரல். சுருக்கம் மு, து. முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'லீட் வோக்கல் எனப்படும் முதற்குரல்' என்று எழுதுகிறேன். மைக் இந்தப் பதிப்பில் மைக்காகவே இருக்கும்.

வேர்தேடி (வியாழன் மதியம்)

முதற்குரலை ஏற்கிறேன். முதற்பொருள் வாதத்துக்கு என்னிடம் மறுப்பில்லை. துணைக்குரலை ஏற்கவில்லை. துணை என்பது உதவி, வழி என்பது இசை நடக்கும் முறை. ஹார்மனிக்காரர் அதே நொடியில் பாடினாலும் தன் சுரத்தை முதற்குரலைப் பார்த்தே எடுக்கிறார். குழலின் வழி யாழ் நின்றதும் பின்னால் வந்ததால் அல்ல. அடுத்த பதிப்புக்கு வழிக்குரலை மறுபடி முன்வைப்பேன்.

வடமராட்சி (வியாழன் மாலை)

அச்சுப்படி பார்த்தேன். 14-ஆம் பக்கம் மூன்றாம் வரியில் 'இணைக்குரல்' என்று இருக்கிறது. அந்தக் க்-ஐ எடுத்துவிட்டு அனுப்புங்கள்.