டார்க் நைட் இரண்டாம் தொடர்: படித்தே ஆகவேண்டுமா?

கேள்வி – உட்லண்ட்ஸ் வாசகர்
ஃபிராங்க் மில்லரின் பேட்மேன் காமிக்ஸ் 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' முடித்த கையோடு, அதன் இரண்டாம் தொடராக 2001–2002இல் வந்த 'ஸ்டிரைக்ஸ் அகெய்ன்' எடுத்தேன். மொத்தமே மூன்று இதழ். முதல் இதழைத் தாண்டவே முடியவில்லை. பேட்மேனைக் காணோம், முகமெல்லாம் கோணல்மாணல். அதே மில்லர், கலருக்கு அதே லின் வார்லி. அப்புறம் எங்கே கெட்டது? இதை விட்டுவிட்டு மூன்றாவது தொடருக்குப் போனால் கதை புரியுமா?

பதில் – மசிக்கூடு
ஓர் ஆளை விட்டுவிட்டீர்கள். 1986 தொடரில் மில்லரின் பென்சிலுக்குப் பெரும்பாலும் மை போட்டவர் கிளாஸ் ஜான்சன். இரண்டாவதில் மில்லரே மையும் போட்டார். கோடு தடித்தது, பின்னணி காணாமல் போனது. வார்லியும் முதல் தொடரில் கையால் தீட்டினார். இதில் கணினிக் கலர்.

அதைவிடப் பெரிய சேதம் பக்க அமைப்பில். முதல் தொடரின் அடித்தளம் நாலுக்கு நாலு, 16 கட்டம். டிவி முகங்களும் பேச்சும் அந்தச் சின்னக் கட்டங்களுக்குள் நெரிபடும். மூச்சு முட்டும் நேரத்தில், பேட்மேன் பாயும் முழுப்பக்கம் வரும். அதனால்தான் அது அப்படி அடிக்கிறது. இரண்டாவதில் முழுப்பக்கமும் இரட்டைப்பக்கமும் அடுத்தடுத்து வருகின்றன. எல்லாமே பெரிசு என்றால் எதுவும் பெரிசாகத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பத்துப் பக்கம் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். பின்னணியில் தெரு, ஜன்னல் இருக்கிறதா, வெறும் கலரா என்றும் பாருங்கள்.

பதில் – தெம்பனிஸ் தம்பி
மசிக்கூடு அண்ணே, படத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கற்பனை வற்றவில்லை. மின்னல் வேகத்தில் ஓடும் வீரர் ஃபிளாஷை இடைவிடாமல் ஓடவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள், உடம்பைச் சுருக்கும் வீரர் ஆட்டம் (Atom) ஆய்வகத் தட்டுக்குள் சிறை, அதிபரே கணினி உருவம். அரசியல் நையாண்டியாகப் படித்தால் முதல் இதழ் தேறும்.

என்னால் ஏற்க முடியாதது டிக் கிரேசன் விஷயம்தான், அதாவது பேட்மேனின் முதல் ராபின். (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடுங்கள்.) வீரர்களைக் கொன்று திரியும் ஜோக்கர் வேஷக்காரன் அவன்தான் என்று கடைசியில் சொல்கிறார்கள். முன்னால் ஒரு விதைகூடப் போடாததால் அதிர்ச்சி வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

பதில் – பக்கம் புரட்டி
மூன்றாவது தொடருக்கு நேராகப் போகலாம். இவ்வளவு தெரிந்தால் போதும்: முதல் தொடரில் ராபினாக வந்த கேரி கெல்லி கேட்கேர்ள் ஆகிவிட்டாள், சூப்பர்மேனுக்கும் வொண்டர் வுமனுக்கும் லாரா என்று ஒரு மகள், சூப்பர்மேன் பிறந்த கிரகத்தின் கேண்டோர் நகரம் குப்பிக்குள் சுருங்கிக் கிடக்கிறது, ஆட்டம் உயிரோடு இருக்கிறார். மூன்றாவதன் சிக்கலே, அந்த நகரத்து மக்களைப் பெரிதாக்க ஆட்டமிடம் கேட்பதில்தான் தொடங்குகிறது.

அது 2015–2017, ஒன்பது இதழ். மில்லரோடு பிரையன் அஸரெல்லோ எழுத, ஆண்டி கூபர்ட் வரைந்தார். மைக்கு ஜான்சன் திரும்பி வந்துவிட்டார், முதல் பக்கத்திலேயே தெரியும்.

இரண்டாவதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். சிங்கப்பூர் நூலக கேட்டலாக்கில் தேடிப் பாருங்கள், இருந்தால் 21 நாள் தவணை தாராளம். சொந்தமாகவே வேண்டுமென்றால் முதல் இரண்டும் சேர்ந்த 'ஆப்சலூட்' பதிப்பு. அளவு பெரிது, படம் பார்க்க வசதி. மூன்றாவதைப் பழைய தனி இதழ்களாக வாங்கினால் கடையிலேயே பிரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி காமிக்ஸ் உண்டு. அது கதையோடு சேர்ந்தது. கிழிந்தோ கழன்றோ போயிருந்தால் அந்த இதழ் வேண்டாம்.