மறையாக்கம் செய்த நாட்குறிப்பைச் செயற்கை நுண்ணறிவு படிக்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். இதுவரை காகிதத்தில் நாட்குறிப்பு எழுதிவந்த நான், பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கும் வசதிக்காகக் கணினிக்கு மாற எண்ணுகிறேன். யாரிடமும் சொல்லாதவற்றை அதில் எழுதுவதால், மறையாக்கம் இல்லாத செயலியைப் பயன்படுத்த மனம் ஒப்பவில்லை. சில செயலிகள், முனைக்கு முனை மறையாக்கம் (நிறுவனம் உட்பட வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுதல்) உண்டு என்றும், நாம் எழுதியதைச் செயற்கை நுண்ணறிவு படித்து, எதைப் பற்றித் திரும்பத் திரும்ப வருந்துகிறோம் என்று எடுத்துக்காட்டும் என்றும் ஒருசேரச் சொல்கின்றன. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இல்லையா?

பதில் 1:
அந்த நுண்ணறிவு யாருடைய கணினியில் இயங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஏஇஎஸ்-256 என்ற மறையாக்க முறையில் பூட்டிய பதிவு, மொழி மாதிரிக்கு (எழுத்தைப் படித்துப் பதில் தரும் செயற்கை நுண்ணறிவு நிரலுக்கு) பொருளற்ற பைட்டுகள்தான்; அது படிக்க வேண்டுமானால் எங்கோ ஓரிடத்தில் பூட்டைத் திறந்தாக வேண்டும். நிறுவனத்தின் சர்வரில் மாதிரி இயங்கினால், உங்கள் வரிகள் பாதுகாப்பான இணைப்பில் சென்றாலும், அங்கே பூட்டுத் திறந்த நிலையில்தான் படிக்கப்படும். பூட்டைத் திறக்காமலே கணக்கிடும் முழு ஹோமோமார்ஃபிக் மறையாக்கத்துக்கு 2009இல் கணினி அறிவியலாளர் கிரெய்க் ஜென்ட்ரி வழி கண்டார் என்றாலும், பெரிய மொழி மாதிரிகளை அன்றாடம் அதில் ஓட்டும் அளவுக்கு வேகம் இன்னும் கைகூடவில்லை.

எனவே, மாதிரியை உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்வதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஒல்லாமா, லாமா.சிபிபி போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே உள்ளன. 800 கோடி அளவுருக்கள் (மாதிரி கற்றதைச் சேமிக்கும் எண்கள்) கொண்ட மாதிரியை, ஒவ்வோர் எண்ணும் ஏறக்குறைய 4 பிட்டில் அடங்கும்படி சுருக்கினால் ஏறத்தாழ 5 ஜிபி அளவில் அடங்கிவிடும். ஏற்கெனவே ஒரு செயலியைத் தேர்ந்துவிட்டீர்கள் என்றால், இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு பதிவை அலசச் சொல்லிப் பாருங்கள். பதில் வரவில்லையெனில் உங்கள் எழுத்து வெளியேதான் படிக்கப்படுகிறது. பலர் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் உண்டு: பொருள்வழித் தேடலுக்காக, வரிகளின் பொருளை எண்களாக மாற்றிச் செயலி உருவாக்கும் வெக்டர் கோப்பிலிருந்து மூல வரிகளைப் பெருமளவு மீட்டெடுக்க இயலும் என்பதால், அந்தக் கோப்பும் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

பதில் 2:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். கடவுச்சொற்றொடர் மறந்துபோனால் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது என்பதுதான் உண்மையான முனைக்கு முனை மறையாக்கத்தின் அடையாளம், 'மறந்துவிட்டதா?' என்ற சுட்டியை அழுத்தியதும் பதிவுகள் அப்படியே திரும்பக் கிடைத்தால், சாவி அவர்களிடமும் இருக்கிறது என்று பொருள். மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக் கணினியிலிருந்து விலக்கி வையுங்கள். கடவுச்சொற்றொடரிலிருந்து சாவியைப் பெற ஆர்கான்2 பயன்படுகிறதா என்றும் பாருங்கள். ஊகித்து உடைக்க முயல்வோருக்கு ஒவ்வொரு முயற்சியிலும் நினைவகச் செலவைக் கூட்டிவிடும் முறை அது.

பதில் 3:
பாதுகாப்பைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அலசலின் தரத்தைப் பற்றிச் சொல்கிறேன். சொந்தக் கணினியில் ஓடும் சிறிய மாதிரிகள் தமிழில் தடுமாறுகின்றன. எழுதியவர் கோபத்தில் சொன்னதை அப்படியே உண்மையாக எடுத்துக்கொண்டு ஆமோதிக்கவும் செய்கின்றன. அதனால் 'நான் எப்படிப்பட்டவன்?' என்று கேட்பதில் பயனில்லை. 'சென்ற மாதப் பதிவுகளில் தூக்கத்தைப் பற்றிய வரிகளை, சொல் மாற்றாமல், தேதியோடு எடுத்துக் கொடு' என்று கேளுங்கள். அப்போது மாதிரி தவறினாலும் மூலப் பதிவோடு ஒப்பிட்டு உடனே கண்டுபிடித்துவிடலாம். அந்த வரிகளுக்கு என்ன பொருள் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.